இரண்டு வெள்ளைத் துணியும் ஆறாம் நம்பர் கேட்டும்

சலாவுதீன் உம்ராவுக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டார் என்று தாராவியில் அந்தச் சந்து முழுக்க விடிவதற்குள் பேச்சாகிவிட்டது. திரும்பியது உண்மைதான். ஆனால் போனது மக்காவுக்கு இல்லை, சஹார் ஏர்போர்ட் வரைக்கும்தான்.

நேற்று மதியம் இதே சந்து கூடி நின்று அவரையும் சைனபையும் வழியனுப்பி வைத்தது. எதிர்வீட்டு பீவி, கஅபாவைப் பார்த்ததும் தன் மகன் குடியை விட துஆ கேட்கச் சொல்லி அழுதாள். சலாவுதீன் தோல் பைப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகக் கட்டிங் மிஷின் ஓட்டுகிற மனுஷன். பட்டறைப் பையன்கள் அவரே வெட்டி அவரே தைத்த பெரிய தோல் பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் ஏற்றினார்கள். மருமகன் தௌசீப், கூட்டத்தில் அடையாளம் தெரியட்டும் என்று அதன் கைப்பிடியில் இரண்டு நாள் முன்பே பச்சை ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தான்.

ஏழு மணி விமானம். ஐந்து மணிக்குப் பெட்டியை வாங்கி உள்ளே அனுப்பினார்கள். ஐந்தே காலுக்கு விமானம் ரத்து என்றார்கள். மூட்டை ஏற்றுகிற லோடர்கள் சம்பளம் கேட்டு வேலையை நிறுத்திவிட்டார்களாம். வெளியே வந்து பார்த்தால், சர்க்கார் விமானக் கம்பெனியின் ஆறாம் நம்பர் கேட்டில் கொடியோடு முன்வரிசையில் நிற்கிறவன் தௌசீப்.

பெட்டி உள்ளே போய்விட்டது. ஆள் வெளியே வந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. குரூப்பில் நாற்பது பேர். விமானம் இல்லை என்றதும் மற்ற ஆண்கள் எல்லாரும் வெள்ளைத் துணியை அவிழ்த்து, கைப்பையில் இருந்த பேன்ட் சட்டையைப் போட்டு, வழியில் பிரியாணி தின்றுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் துணியைத்தான் உடுத்தியிருந்தார்கள், உம்ரா செய்கிறேன் என்று மனசில் எண்ணும் நிய்யத்தை வைக்கவில்லை. மக்காவுக்கு முன்னால் எல்லை வரும்போது விமானத்தில் சொல்வார்கள், அப்போது நிய்யத் வைத்தால் போதும் என்று குரூப்பைக் கூட்டிப் போகிற மன்சூர் அலி வகுப்பு எடுத்திருந்தார்.

அந்தச் ‘சொல்வார்கள்’ என்பதுதான் சலாவுதீனுக்குப் பயம். கட்டிங் மிஷின் அவருடைய இடது காதைத் தின்று பத்து வருஷம் ஆகிறது. வலது காதிலும் பாதிதான். சொன்னது விழாமல் எல்லையைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது? அதனால் வீட்டிலேயே குளித்து, துணி உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, நிய்யத்தும் வைத்து, தல்பியா முழக்கமும் சொல்லிவிட்டுத்தான் டாக்ஸியில் ஏறினார். சைனபிடம்கூடச் சொல்லவில்லை.

நிய்யத் வைத்தவன் இஹ்ராம் என்ற கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டான். உம்ராவை முடித்துத்தான் வெளியே வர முடியும். அதுவரை தைத்த துணி கூடாது, வாசனை கூடாது, முடியோ நகமோ வெட்டக் கூடாது, ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. யாரோடும் சண்டை கூடாது.

சலாவுதீனுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காலை எட்டு மணிக்கு அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊதி விடுங்களேன்” என்றாள் சைனப்.

“குடிச்சிட்டுப் போட்டும்.”

“கொசுவுக்கு இருக்கிற நேரம் நமக்கு இல்ல. விசாவுல உள்ள போற கெடு நாளையோட முடியுது.” கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள். “துணியக் கட்டுங்கன்னுதானே சொன்னாவ? நிய்யத்த யாரு இங்கனயே வைக்கச் சொன்னா? நாப்பது பேர்ல ஒங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?”

சலாவுதீன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“பேச மாட்டியளே. இப்பத்தான் நான் நிம்மதியாப் பேசுதேன். கல்யாணமாகி முப்பது வருஷத்துல இப்பிடி ஒரு நாளு வாய்க்கல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்.

ஒன்பதரைக்கு மன்சூர் அலி வந்தார். இஸ்திரி கலையாத சஃபாரி, கையில் இரண்டு போன். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டினார்.

“பாய், ஒரு வழி பிறந்திருக்கு. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போற ஜனங்களத் தெருவுல விட்டுட்டாங்கன்னு எல்லா டிவியிலயும் காட்டுறான். கம்பெனிக்கு வெக்கமாப் போச்சு. ராத்திரி ஒம்பது மணிக்கு ஜித்தா ஃப்ளைட்ட மட்டும் ஓட்டப் போறாங்களாம். பன்னெண்டு லோடர் வேணும். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு உள்ள வர்றவனுக்கு வேலை உண்டு. வராதவனுக்குச் சீட்டு கிழிஞ்சிரும்.”

“நல்லதுதானே?”

“எவனும் வர மாட்டேங்கிறான். ஒங்க மருமகன் பேச்சத்தான் கேக்குறானுங்க. அவன் ஒருத்தன் உள்ள போனா, பின்னாலயே இருபது பேர் போவான்.” மன்சூர் அலி குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். இந்தத் துணியோட போய் முன்னால நில்லுங்க. எந்த மருமகன் மாட்டேம்பான்?”

சலாவுதீன் தன் மேல்துணியைப் பார்த்தார்.

இரவு முழுக்க அவர் மனசில் ஓடியதும் அதுதான். அவனுக்கு என்ன குறைச்சல்? பர்மனென்ட் வேலை. பி.எஃப்., மெடிக்கல், வருஷத்துக்கு ஒரு பாஸ். சலாவுதீனுக்கு ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு வருஷமாக அதே கூலி. அவர் எந்தக் கேட்டில் போய்க் கொடி பிடித்தார்? விமானக் கம்பெனியோ மூழ்கிக்கொண்டிருக்கிறது. விற்கப் போகிறார்கள், மூடப் போகிறார்கள் என்று தினமும் பேப்பரில் வருகிறது. மூடப் போகிற கடையில் நின்று சம்பளத்தைக் கூட்டு என்று கேட்பவனை என்ன சொல்வது?

“வாரேன்” என்றார்.

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள் மகள் பரீஹா. சீத்தா கேம்ப்பிலிருந்து செம்பூர் வந்து, அங்கிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், மன்சூர் அலியைப் பார்த்ததும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

“வாப்பா, அவியகிட்ட கையெழுத்துப் போடச் சொல்லத்தானே போறிய?”

“ஒன் புருசன் நிப்பாட்டுனது பிளேனை மட்டும் இல்ல புள்ள. என்னையும் நிப்பாட்டிட்டாவ.”

“தெரியும். ராத்திரி பூரா அவியளும் தூங்கல.” அவள் தரையில் உட்கார்ந்தாள். “போய்ப் பாருங்க. ஆனா அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.”

“என்ன எழுதியிருக்கு?”

“எங்கிட்ட ஏன் கேக்கிய? எனக்கு வாப்பாவும் வேணும், புருசனும் வேணும். நான் ரெண்டு பேருக்கும் எதிராத்தான் பேசுவேன்.”

மன்சூர் அலி மணியைப் பார்த்தார். டாக்ஸி வெளியே நின்றது.

ஆறாம் நம்பர் கேட்டில் வெயில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் லோடர்கள் இருநூறு பேர், நீலச் சட்டையும் இடுப்பில் அகலமான பெல்ட்டுமாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். மறு பக்கம் பயணிகள். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாதவர்கள், போக வீடில்லாத வெளியூர்க்காரர்கள், பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு மாற்றுத்துணி இல்லாமல் நிற்பவர்கள். நடுவில் போலீஸ் தடுப்பு.

“தண்டச் சோறு, தண்டச் சோறு” என்று இந்தியில் ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

வெள்ளைத் துணியில் சலாவுதீன் இறங்கியதும் அவர்கள் வழிவிட்டார்கள். இரண்டு பேர் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“பெரியவரே, தமிழா?” ஒரு பையன் பக்கத்தில் வந்தான். மாட்டுங்காக்காரன், அஷ்வத் என்று பேர் சொன்னான். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. “நாளைக்குக் காலைல சென்னைல எங்கம்மாவுக்கு ஆபரேஷன். நான் ஒரே பையன். மத்த கம்பெனில டிக்கெட் மூணு மடங்கு, அதுவும் இல்லை. நானும் சம்பளக்காரன்தான். எனக்கும் ரெண்டு வருஷமா இன்க்ரிமென்ட் இல்லை. நான் யார் வழியையாவது மறிச்சேனா? வருஷா வருஷம் எங்க வரிப்பணத்தைக் கொட்டி இந்தக் கம்பெனியை ஓட்டறா. கடைசில நாங்கதான் நடுரோட்டுல நிக்கறோம். நீங்களே சொல்லுங்கோ, நியாயமா?”

அவன் சொன்னதில் ஒரு பொய் இல்லை. சலாவுதீன் தலையை ஆட்டினார். நேற்றிலிருந்து தான் நினைத்ததையே இன்னொருவன் படித்த வாயால் சொல்லக் கேட்டபோது, அதே கோபம் அவருக்குள் இன்னும் ஒரு சுற்று ஏறியது.

தடுப்பருகே போய் நின்றார். தௌசீப் எழுந்து வந்தான். முப்பத்தாறு வயதுக்காரன் இடுப்பில் கை கொடுத்துத்தான் எழுந்தான்.

“மாமா, வெயில்ல ஏன் வந்திய?”

“பெட்டியப் பாக்க வந்தேன்.”

“பெட்டி பத்திரமா இருக்கு. மூணாவது ரேக்குல. நேத்தே பாத்துட்டேன்.”

“மாப்ள…” சலாவுதீன் குரலைச் சீராக வைத்துக்கொள்ளப் பார்த்தார். “நான் சண்டை போடக் கூடாது. சும்மா கேக்குதேன். பைலட்டுமாருக்குக் குடுத்தாவன்னு ஒங்களுக்கும் வேணுமா?”

“பைலட்டுக்குப் போன மாசம் குடுத்தான். அவன் நின்னா பிளேன் பறக்காதுல்லா, குடுத்தான். எங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு முன்னால கூட்டித் தாரேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது மாமா. அதத் தான்னு கேக்கோம். புதுசா ஒண்ணும் கேக்கல. அதுக்குப் பேப்பர்ல, மூழ்குற நேரத்துல பேராசன்னு போடுதான். மூழ்கடிச்சது நாங்களா? நாங்க ஏத்துன பெட்டியாலயா மூழ்கிச்சு?”

“அந்தக் காயிதத்துல என்ன இருக்கு?”

தௌசீப் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். இங்கிலீஷில் இருந்தது. விரல் வைத்துச் சொன்னான்: “இன்னிக்கு உள்ள வாரவன் பழைய பாக்கியக் கேக்க மாட்டேன்னு எழுதித் தரணும். பர்மனென்ட் வேலைய ராஜினாமா பண்ணணும். நாளைலேருந்து ஒரு ஏஜென்சிக்குக் கீழ தினக்கூலி. பதினாலு வருசம் போச்சு. மெடிக்கலும் போச்சு. இந்த இடுப்ப வச்சிக்கிட்டு நான் தினக்கூலிக்கு எத்தன நாளு மாமா தூக்குவேன்?”

சலாவுதீனுக்குப் படிக்கத் தெரியாத தாள்தான். ஆனால் ‘ஒரு பைக்கு இவ்வளவு’ என்று எழுதாமலேயே எழுதின தாளில் இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவர் அவர். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தௌசீப் தாளை மடித்தான்.

“நீங்க சொல்லுங்க மாமா. ஒங்க வாயால போடுன்னு சொன்னா இப்பவே போடுதேன். இத்தனை வருசம் காத்திருந்து துணி உடுத்திட்டு நிக்கிய. நான் மறிக்கிறவனா இருக்க மாட்டேன்.”

இதைக் கேட்கத்தான் அவர் வந்தார். ஒரு சொல் போதும். பின்னால் மன்சூர் அலி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

சலாவுதீன் அவன் இடுப்புப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிவிப் பெண் மைக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாபா, நீங்க எங்க போக வேண்டியவங்க? இவங்களால உங்க புனிதப் பயணம் நின்னுபோச்சே, இவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“நான் இஹ்ராம்ல இருக்கேன் மகளே” என்றார் தெரிந்த இந்தியில். “இதக் கட்டிட்டுச் சண்டை போடக் கூடாது. கழட்டுனதும் வந்து சொல்லுதேன்.”

லோடர்களில் சிலர் சிரித்தார்கள். தௌசீப்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பயணிகள் பக்கம் வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது.

“இந்தப் பெரியவரப் பாத்துமா சிரிக்கிறீங்க? இவர் சாபம் சும்மா விடுமா?” என்று யாரோ கத்தினார்கள். “அல்லா வீட்டுக்குப் போறவரை மறிக்கிறான், மனுஷனா இவன்?” என்றது இன்னொரு குரல்.

தண்ணீர் நிறைந்த பாட்டில் ஒன்று சலாவுதீனின் தோளுக்கு மேலே பறந்து போய் தௌசீப்பின் புருவத்தில் இறங்கியது.

அவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரத்தம் மூக்கோரமாக ஓடியது. சலாவுதீன் திரும்பினார். எறிந்தவன் யாரென்று தெரியவில்லை. எறிந்த திசை தெரிந்தது. வலது கை தானாக உயர்ந்தது. இடது கை மேல்துணியைப் பிடித்திருந்தது.

உயர்ந்த கையை அவர் இறக்கினார். மேல்துணியின் ஓரத்தை எடுத்துக்கொண்டு மருமகனின் நெற்றியைத் துடைக்கப் போனார். தௌசீப் முகத்தை விலக்கிக்கொண்டான்.

“வேண்டாம் மாமா. இஹ்ராம் துணி. கறையாயிரும்.”

பின்னால் நாலைந்து பேர் சலாவுதீன் பெயர் தெரியாமலே “ஹாஜி சாப் ஜிந்தாபாத்” என்று கோஷம் போட்டார்கள்.

அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். மன்சூர் அலி ஓடி வந்தார். “பாய், சொல்லிட்டு வாங்க, ஒரு வார்த்தைதானே.” சலாவுதீன் டாக்ஸிக் கதவைச் சாத்திக்கொண்டார். வழி நெடுக, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் துணியையே பார்த்துக்கொண்டு வந்தார். யாரையோ அடிக்க அதைத் தன்னிடம் கேட்காமலே இரவல் வாங்கிவிட்டார்கள்.

மதியம் பள்ளிவாசலில் ளுஹர் தொழுகை முடிந்து இமாம் ஹஸ்ரத் தனியாக உட்கார்ந்திருந்தார். நேற்று இரவு அவர்தான் சட்டத்தைச் சொன்னவர். வழி அடைபட்டுப் போனால், ஓர் ஆட்டை அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, முடியைக் களைந்து இஹ்ராமிலிருந்து வெளியே வரலாம். வழி இருக்கிற வரை கூடாது.

“இன்னும் அடைபடலையே பாய்” என்றார் ஹஸ்ரத். “அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம்னு மன்சூர் அலி இப்பத்தான் போன்ல சொன்னாங்க.”

“ஒண்ணு கேக்கணும் ஹஸ்ரத்.” சலாவுதீன் வலது காதைத் திருப்பி வைத்து உட்கார்ந்தார். “ரோடு இருக்கு. ஆனா ரோட்டுல ஒருத்தன் குப்புறப் படுத்திருக்கான். அவன் முதுகுல மிதிச்சாத்தான் அந்தப் பக்கம் போக முடியும். மிதின்னு அவனே சொல்லுதான். அது ரோடா?”

ஹஸ்ரத் தஸ்பீஹ் மணியை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“படுத்திருக்கிறவர் யாரு?”

“என் மருமகன்.”

“வேற யாராவது ஆனாலும் ஒண்ணுதான்” என்றார் ஹஸ்ரத். “அது அடைபட்ட வழிதான் பாய்.”

சலாவுதீனுக்குக் கண் கலங்கவில்லை. ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது மாதிரி மூச்சுதான் வந்தது.

சைனப் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காலையில் அவ்வளவு பேசியவள். மக்காவில் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் வாங்க முடிந்து வைத்திருந்த பணத்தை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கறிக்கடையில் ஆடு அறுபட்டது. பங்கு வைத்ததில் ஒரு பொட்டலம் பீவி வீட்டுக்கும் போனது. எதற்கென்று அவள் கேட்கவில்லை. நேற்றுக் கேட்ட துஆவையும் திருப்பிக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு சலாவுதீன் மாரிக்கண்ணனின் சலூனில் உட்கார்ந்தார்.

“ஊருல எல்லாரும் உம்ராவுக்குப் போயிட்டு வந்து மொட்டை போடுவாவ. நீரு போகாமலே போடுதீரு” என்றான் மாரிக்கண்ணன். இருவரும் ஒரே தாலுகாக்காரர்கள், இருபது வருஷப் பழக்கம்.

“பேசாம வேலையப் பாரும்வே.”

“பேசாம எப்படி? அங்க பாரும், ஒம்மத்தான் காட்டுதான்.”

மேலே மாட்டியிருந்த டிவியில் வெள்ளைத் துணியும் அவர் முகமும் தெரிந்தன. பெரிய எழுத்தில் ஏதோ ஓடியது. மாரிக்கண்ணன் இந்தியை எழுத்துக்கூட்டிப் படித்தான்: “வேலைநிறுத்தக்காரர்களுக்கு… முதிய ஹாஜி… எச்சரிக்கை.” பிறகு சலாவுதீனின் குரல். முன்னால் சொன்னதை எல்லாம் வெட்டிவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள்: ‘கழட்டுனதும் வந்து சொல்லுதேன்.’ முகம் வேறு கோபமாகத்தான் இருந்தது. பாட்டில் விழுந்ததைக் காட்டவே இல்லை.

“யாருக்குவே எச்சரிக்கை? நான் யாரை எச்சரிச்சேன்?” சலாவுதீன் எழப் பார்த்தார்.

“தலைய ஆட்டாதீரும், கத்தி பட்டுரும்.”

இடது பக்கம் முழுக்க வழித்துவிட்டு, மாரிக்கண்ணன் வலது பக்கம் தண்ணீர் தெளித்தபோது போன் அடித்தது. பரீஹா. வலது காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரைப் போட்டார்.

“வாப்பா.” அவள் குரல் உடைந்திருந்தது. “அவிய கையெழுத்துப் போடப் போறாவ. ஒம்பது மணிக்கு ஒங்க பிளேன் போயிரும். மொதப் பெட்டி பச்சை ரிப்பன் பெட்டிதான் ஏத்துவேன்னு மாமாகிட்டச் சொல்லுன்னாவ.”

“நான் போடச் சொல்லலையே புள்ள.”

“அதான் வாப்பா. நீங்க ஒண்ணுமே சொல்லாமத் திரும்பிப் போனியல்லா, அதுதான் தாங்க முடியலையாம். டிவியில வேற ஒங்க மூஞ்சியத் திரும்பத் திரும்பக் காட்டுதான். நீங்க சபிச்சிட்டியன்னு நெனைக்காவ.”

சலாவுதீன் போனை வாய்க்கருகே கொண்டுபோனார்.

“உள்ள போயிட்டாவளா?”

“இல்ல, லைன்ல நிக்காவ. கூட இருந்தவனுக எல்லாம் துப்புதானுவ வாப்பா. போன எடுக்க மாட்டேங்காவ. நான் குர்லாவுல நிக்கேன், அங்கதான் போறேன்.”

மாரிக்கண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். “மீதிய எடுக்கவா, இப்பிடியே விடவா? பிளேன் போகுதாம்லா.”

கண்ணாடியில் ஒரு பக்கம் பளபளவென்று மொட்டை, ஒரு பக்கம் நரைத்த முடி. சலாவுதீன் அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எடும்வே. முழுசா எடும்.”

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணி இரண்டையும் அவிழ்த்து மடித்து சைனபிடம் கொடுத்தார். நல்ல சட்டை எல்லாம் பெட்டியோடு ஏர்போர்ட்டில் இருந்தது. மிச்சம் இருந்தது ஆணியில் தொங்கிய வேலைச் சட்டைதான். மார்பெல்லாம் பசைக் கறை, ஒரு பித்தான் இல்லை. கைலியைக் கட்டி, அதைப் போட்டுக்கொண்டார்.

“எங்க போறிய, பிளேனுக்கா?”

“கேட்டுக்கு.”

“அங்க போய் என்ன செய்யப் போறிய?”

“நேத்துலேருந்து வாயக் கட்டி வச்சிருக்கேன் சைனபு.”

“யாரோட சண்டை போடப் போறிய?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். “மொதல்ல மாப்ளையோட. காயிதத்த நீட்டுனவன், பாட்டில எறிஞ்சவன், டிவிக்காரி எல்லாரும் வரிசையில நிக்கட்டும்.”

சைனப் பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டு பூட்டைத் தேடினாள். “நானும் வாரேன். ஒங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.”

டாக்ஸி கலினா தாண்டும் வரை ஓடியது. சஹார் ரோட்டில் திரும்பியதும் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். ஜித்தா விமானம் போகிறதாம் என்று கேள்விப்பட்டு மற்ற ஊர்ப் பயணிகளும், எங்களுக்கும் ஒன்றை ஓட்டு என்று ரோட்டில் இறங்கிவிட்டார்கள். போலீஸ் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது.

மணி நாலு ஐம்பது.

பரீஹா மறுபடி கூப்பிட்டாள். “வாப்பா, நான் வந்துட்டேன், என்னைக் கிட்ட விட மாட்டேங்கான். டேபிள் போட்டுக் கையெழுத்து வாங்குதான். இவியளுக்கு முன்னால நாலே பேருதான் நிக்காவ.”

“நான் வாரேன், போட வேண்டாம்னு கத்திச் சொல்லு.”

“கத்திட்டேன். திரும்பிப் பாக்க மாட்டேங்காவ.”

சலாவுதீன் கதவைத் திறந்து இறங்கினார்; வாடகையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வருவதாக சைனப் சொன்னாள். ஹாரன் சத்தம் அவருடைய பாதிக் காதுக்கே பெரிதாகக் கேட்டது. பசைக் கறைச் சட்டையில் அவரை யாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. யாரும் வழியும் விடவில்லை. தோளால் இடித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது.

“ஏய் மொட்டை, கண் தெரியலையா?” என்று ஒருவன் திட்டினான்.

“தெரியுதுலே” என்றார் சலாவுதீன், நின்று, திரும்பி, அவன் கண்ணைப் பார்த்து. ஒரு நாள் கழித்து வாயிலிருந்து வந்த முதல் சண்டை வார்த்தை அது. நன்றாகத்தான் வந்தது.

கொடிகள் தெரிந்தன. அதற்கும் அப்பால் கேட்டின் இரும்புச் சட்டம் பாதி திறந்திருந்தது. அவர் ஓட ஆரம்பித்தார்.